ஒருவருக்கும் இருவருக்கும் ஒரே வாடகை

மின்கட்டண ரசீதின் முதுகில்
நடுவே ஒரு கோடு இழுத்தேன்.
இந்தப் பக்கம் இருப்பது, அந்தப் பக்கம் போவது.
கார்டிட்ஸாவில் ஏறி, ஏதென்ஸில் மாறி,
நாஃப்ளியோவில் இறங்கித் திரும்பிவர
தொண்ணூறு யூரோ.
பேருந்துக்கே கையைக் கடித்துவிட்டது.

கடல் பார்த்த அறை நூற்றுப்பத்தாம்.
கடல் என்ன, இவர்கள் இறைத்து ஊற்றியதா?
கோட்டை பார்த்த அறை எண்பது.
வெனிஸ்காரன் அடுக்கிவிட்டுப் போன கல்லுக்கு
இன்னும் யாரோ வசூல் பண்ணுகிறார்கள்.
சுவர் பார்த்த அறை நாற்பத்தெட்டு.
சுவர் எனக்குப் புதிதில்லை.
நகராட்சித் தண்ணீர்வரிக் கவுன்டரில்
பத்தொன்பது வருடம்
அதன் முகத்தில்தான் விழித்திருக்கிறேன்.

தொலைபேசியை எடுத்தவள் பெயர் ஆந்தூலா.
பொய் சொல்லத் தெரியாதவள்,
எப்படித்தான் விடுதி நடத்துகிறாளோ.
தெருவிலிருந்து வாசலுக்கு நாற்பத்தோரு படி,
வாசலிலிருந்து அறைக்கு இன்னும் இருபத்திரண்டு,
சக்கரப்பெட்டி வேண்டாம், அழுதுவிடுவீர்கள் என்றாள்.
தேவாலய மணி ஏழுக்கு அடிக்கத் தொடங்கும்,
எப்போது நிற்கும் என்பது
அடிக்கிற பையனின் மனநிலையைப் பொறுத்தது.
காலைச் சாப்பாடு கிடையாது.
கெட்டில் உண்டு, மூடியைக் கையால் பிடிக்கவேண்டும்.

"கடல் தெரியவே தெரியாதா?"
கொஞ்சம் யோசித்தாள்.
"குளியலறையில் முக்காலி போட்டு ஏறினால்
துறைமுகத் தீவுக்கோட்டையின்
கொடிக்கம்பம் தெரியும்.
முக்காலி நான் தருகிறேன்."

ஜனவரி நடுவில் என்றேன்.
காற்று வாய்மூடி, வெயில் எட்டிப்பார்க்கும்
அந்த மீன்கொத்தி நாட்களில்.
அது எந்தத் தேதியில் வரும் என்று
மீன்கொத்திக்கே தெரியாது என்றாள்.
முன்பணம் கேட்கவில்லை.

"எத்தனை பேர்?"
"ஒருத்தி."
"ஒருவருக்கும் இருவருக்கும் ஒரே வாடகை,"
தகவலாகத்தான் சொன்னாள்.
எனக்குத்தான் கணக்கு உதைக்க ஆரம்பித்தது.

மூன்று இரவுக்கு நூற்று நாற்பத்துநான்கு.
இரண்டால் வகுத்தால் எழுபத்திரண்டு.
வகுப்பது சுலபம்,
வகுக்க இன்னோர் ஆள் வேண்டும்.

லாமியாவில் இருக்கிறாள் பொலிக்ஸேனி,
என் அக்கா. நாலு வருடமாய்ப் பேச்சில்லை.
அப்பா கல்லறையின் சலவைக்கல்லுக்கு
முன்னூற்று நாற்பது யூரோ
கொடுத்தேன் என்கிறாள் அவள்,
வரவில்லை என்கிறேன் நான்.
கல் செதுக்கியவன் வேறு போய்ச்சேர்ந்துவிட்டான்,
சாட்சிக்கும் நாதியில்லை.

இரண்டு நாள் அந்த ரசீதை
ரொட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன்.
தாய்மாமன் மகள்களை யோசித்தேன்: ஒருத்தி குறட்டை,
ஒருத்தி கோட்டையின் எல்லாப் படியும் ஏறுவாள்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்கிறார்கள்.
என் முழங்கால் இருபதுக்குமேல் எண்ணாது.

மூன்றாம் நாள் அழைத்தேன்.
சுகமா என்று கேட்கவில்லை.
"எழுபத்திரண்டு யூரோ மிச்சம்," என்றேன்.
"யாருக்கு?"
சொன்னேன். விடுதி, படி, மணி,
லாமியாவில் பேருந்து எப்படியும் நிற்கும் என்பதுவரை.

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

"கட்டில் ஒன்றா, இரண்டா?"
"ஒன்று. இன்னொன்று போட இரவுக்கு ஆறு."
"அப்போ பதினெட்டு."
கணக்கில் எப்போதும் அவள்தான் முந்துவாள்.
"அதை நான் கொடுத்துவிடுகிறேன்," என்றாள்.
வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.
"இந்தத் தடவை ரசீது வாங்கிவை."

கோட்டுக்கு அந்தப் பக்கம் பதினெட்டு என்று எழுதி
பக்கத்தில் ப என்று போட்டேன்.
கீழே, மறக்காமல் இருக்க:
ஆந்தூலாவிடம் கேட்கவேண்டும்,
முக்காலி எவ்வளவு கனம் தாங்கும்.